நாற்பது நிமிடச் சத்தம்

ஐஸ்க்ரீம் மெஷினைத் தரையில் வைத்தாள்.

சமையல் மேடையில் இடம் இருந்தது. ஆனாலும் தரையில்தான். அதுவும் படுக்கையறையில், ஜன்னலை ஒட்டி. அதற்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், தங்கையின் கட்டில் இருக்கிறது.

மெஷினுக்கு அடியில் ஓர் எவர்சில்வர் தாம்பாளம். அப்போதுதான் நன்றாக அதிரும்.

ஞாயிறு மதியம் இரண்டரை. தங்கை அங்கயற்கண்ணி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பாள்.

பாலும் சர்க்கரையும் க்ரீமும் கலந்து ஊற்றினாள். பொத்தானை அழுத்தினாள். உள்ளே கம்ப்ரஸர் உறுமியது. துடுப்பு சுற்றத் தொடங்கியது. தாம்பாளம் கடகடத்தது.

கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

கீழே ஒருத்தி. மேலே ஒருத்தி. நடுவில் ஒரு கான்கிரீட் தளம்.

இவள் கடைசியாக வாய் திறந்து பேசியது வெள்ளிக்கிழமை, கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. நாற்காலியை இழுத்தால் போதும், கீழேயிருந்து ஒட்டடைக் குச்சியால் மூன்று இடி வரும். பின்னாலேயே போன் வரும். தூக்கி வைக்கக் கூடாதா என்று தங்கை கேட்பாள். அப்படியே பேச்சு வளர்ந்து குழம்பு, ரசம் என்று ஒரு மணி நேரம் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் இவளுக்கு என்ன வந்ததோ. படியிறங்கிப் போய்த் தங்கையின் வாசலில் நின்று கத்தினாள்.

"சத்தம் பிடிக்கலேன்னா வேற வீடு பாத்துக்க. இனி உன் வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு."

தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள். இடி நின்றது. போன் நின்றது.

அன்றிலிருந்து இவள் நாற்காலியைத் தூக்கித்தான் வைக்கிறாள். சத்தம் போடாமல் இருப்பது கீழே கேட்காது.

சின்ன வயதில் இவ்வளவு நாள் இழுத்ததில்லை. காலையில் கா விட்டால் விளக்கு வைப்பதற்குள் பழம் விட்டுவிடுவார்கள். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்து நீட்ட வேண்டும். இடது கை செல்லாது. யார் கா விட்டாளோ அவள்தான் முதலில் பழம் விட வேண்டும். சட்டமெல்லாம் போட்டவள் தங்கைதான்.

கா விட்டது இவள். இது இவள் முறை. தெரியும்.

அறுபத்து மூன்று வயதில், சொன்ன சொல்லை விழுங்கிக்கொண்டு பதினெட்டுப் படி இறங்க வீம்பு விடவில்லை. தங்கையே மேலே வந்துவிட்டால் சொல்லிவிடலாம். திட்டவாவது வரட்டும்.

மெஷினை இதற்காக ஒன்றும் வாங்கவில்லை. கடைக்காரன் சொன்ன ஒரு பேச்சுக்காக வாங்கினாள். மற்ற மெஷின் என்றால் முந்தின நாளே பாத்திரத்தை ஃப்ரீஸரில் வைக்க வேண்டுமாம். இதில் கம்ப்ரஸர் உள்ளேயே இருக்கிறது, யாராவது வந்த பிறகு போட்டுவிட்டால் போதும் என்றான்.

யாராவது வந்த பிறகு.

ஐஸ்க்ரீம் இவளுக்கு ஆகாது. தங்கைக்குத்தான் உயிர்.

மெஷினை ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டு வந்ததால் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே கலங்கியதெல்லாம் அடங்க வேண்டுமாம். அதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது.

முதல் ஞாயிறு மேடையில் வைத்து ஓட்டினாள். அந்த உறுமலைக் கேட்டபோதுதான் யோசனை வந்தது. இரண்டாம் ஞாயிறு தரைக்கு இறக்கினாள். கீழே மூச்சில்லை. மூன்றாம் ஞாயிறு தாம்பாளம் சேர்ந்தது.

மூன்று இடி.

இரண்டு வருடம் கழித்துத் தங்கை பேசியது போலவே இருந்தது. இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கிண்ணம் தனியாகத் தின்று, புதன்கிழமை வரை இருமினாள்.

ஆனால் மேலே யாரும் வரவில்லை.

இன்று நான்காம் ஞாயிறு. முப்பது நிமிடம் ஆகிவிட்டது. ஐஸ்க்ரீம் இறுகி, துடுப்பு திணறத் தொடங்கியிருந்தது.

கீழே ஒரு இடி. பலமாக. கூடவே ஏதோ முறிகிற சத்தம்.

இரண்டாவது இடிக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

மெஷினை நிறுத்தினாள். முட்டி வலியைப் பார்க்காமல் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

விழுந்துவிட்டாளோ. தூக்கிவிட அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்.

செருப்புக்கூடப் போடவில்லை. வாசப்படியாவது, வீம்பாவது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

அங்கயற்கண்ணி நின்றிருந்தாள். வலது கையில் பாதி ஒட்டடைக் குச்சி.

"குச்சி ஒடிஞ்சுபோச்சு. அதான் நேர்ல வந்தேன்." மூச்சு வாங்கியது. "அப்படி என்னத்தக்கா போட்டு அரைக்கிற, வாரா வாரம்?"

அக்கா.

இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்தது எவ்வளவோ. ஒன்றே ஒன்றுதான் வெளியே வந்தது.

"பழம்."

தங்கை அவளைத் தாண்டி உள்ளே போனாள். படுக்கையறைத் தரையில் இருந்த மெஷினையும் அதன் அடியில் இருந்த தாம்பாளத்தையும் பார்த்தாள். குனிந்து மூடியைத் திறந்தாள்.

வெள்ளை வெளேரென்று இருந்தது. பேருக்குக்கூட ஒரு துண்டுப் பழம் இல்லை.

நிமிர்ந்தாள். அக்காவைப் பார்த்தாள்.

பிறகு, ஒடிந்த குச்சியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டினாள்.