கடைசியாகத் திறந்த நேரம்

வீட்டு சர்வரின் பழைய டிஸ்க் மண்டையைப் போடுவதற்குள் புது எஸ்எஸ்டி டிஸ்க்கை மாட்டிவிட வேண்டும் என்று ஞாயிறு மதியம் அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துணி அலமாரியின் கீழ்த் தட்டில், போர்வைகளுக்குப் பக்கத்தில், டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. வீட்டுப் படங்கள், பாட்டு, வீடியோ எல்லாம் அதற்குள்தான். மதியங்களில் அதன் விசிறிச் சத்தத்தில்தான் இந்த வீடு கண் அசரும்.

அன்றும் வீடு பாதித் தூக்கத்தில் இருந்தது. வெளியே மழை, வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது.

வீட்டுக்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்து, போனில் யாரோ எழுதிய யோசனைகளை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வேலையில் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. யோசனை சொல்வதில் மட்டும் குறை வைக்க மாட்டார்.

புது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்க எந்த ஃபைல் சிஸ்டம் போடுவது என்று அவள் கொஞ்சம் தடுமாறினாள். பிடிஆர்எஃப்எஸ் போட்டால், தவறாக அழித்ததைக்கூட நேற்றைய நிலைக்குப் போய் எடுத்து வரலாம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது தும்மினாலும் புது இடத்தில் எழுதி டிஸ்க்கைத் தேய்க்கும் ஜாதி. பழையபடி இஎக்ஸ்டி4 போதும் என்று முடிவு செய்தாள்.

“ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் நேரத்தைக் குறிச்சு வைக்குமாமே, அதை நிறுத்திடச் சொல்றான். சும்மா பாக்கறதுக்கெல்லாம் எழுதிட்டிருந்தா டிஸ்க் தேஞ்சு போயிடுமாம்.”

அவள் கை நின்றது.

அவளுக்குத் தெரியாததா? எஸ்எஸ்டி போடுகிற எல்லாரும் முதலில் நிறுத்துவது அதைத்தான். அவள் மட்டும் நிறுத்தமாட்டாள். நிறுத்தினால் தம்பி போய்விடுவான்.

வீட்டில் அவனுக்குக் கொசு என்று பேர். இந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தவனே அவன்தான். அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று தொடங்கிய சண்டை, அம்மா போன பிறகும் ஓயவில்லை. ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

எந்த ஊர், என்ன வேலை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானா, ஒன்றும் தெரியாது.

ஆனால் எங்கிருந்தும் இன்டர்நெட் வழியே சர்வருக்குள் வர அவனுக்கு இருந்த கணக்கை அவள் மூடவில்லை. அவனும் மறக்கவில்லை.

அதில் ஒரு வீடியோ உண்டு. அவள் சைக்கிள் பழகி, யாருக்கும் வழிவிடாமல் நேராகப் போய்ச் சாக்கடையில் இறங்குவாள். எடுத்தவன் அவன்தான். சிரித்த சிரிப்பில் படம் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த வீடியோவின் பெயருக்கு நேரே, அது கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் இருக்கும். சில நாள் விடிந்ததும். சில நாள் ஒரே மதியத்தில் இரண்டு தடவை. வேலைக்குப் போகவில்லையோ, காய்ச்சலோ என்று தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டே நினைப்பாள். எங்கோ ஓர் அறையில், ஒரு நாற்காலியில், காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கும் தம்பி அவள் கண்ணுக்குத் தெரிவான். அந்த அறை அவளாகக் கட்டியது. அங்கே எப்போதும் இதமான வெயில் அடிக்கும்.

அவள் மட்டும் அந்த வீடியோவைத் திறப்பதே இல்லை. திறந்தால் அவளுடைய நேரம் அவன் நேரத்தின் மேல் ஏறி அதை அழித்துவிடும். வீட்டுக்காரருக்கும் தடை.

ஒளிந்திருந்து பார்க்கிறோமே என்று கூச்சம்தான். ஏதோ அசட்டையில் அவன் நேரம் குறிப்பதை நிறுத்த மறந்திருக்கிறான், அந்த மறதியில் நம் பிழைப்பு ஓடுகிறது என்று நினைத்திருந்தாள். தெரிந்தால் அந்த ரோஷக்காரன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்.

“தேஞ்சா தேயட்டுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்,” என்றாள்.

வீட்டுக்காரர் விடவில்லை. தூக்கக் குரலில் அடுத்ததை வாசித்தார். “இப்பல்லாம் தானா விட்டா நாளுக்கு ஒரு தடவைக்கு மேல குறிக்காதாம். ஒவ்வொரு தடவையும் குறிக்கணும்னா யாராவது வேணும்னே எழுதி வைக்கணுமாம்.”

நாளுக்கு ஒரு தடவையா? ஒரே மதியத்தில் இரண்டு நேரங்களை அவள் பார்த்திருக்கிறாளே.

பழைய டிஸ்க்கின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். கொசு செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இதுவரை அவள் அதில் கை வைத்ததில்லை.

டிஸ்க்குக்கான வரியில் ஒரு சொல் இருந்தது. யார் எதைத் திறந்தாலும், ஒவ்வொரு முறையும், தவறாமல் நேரத்தைக் குறி என்று கட்டளையிடும் சொல். கையால் அடித்தால்தான் அது அங்கே வரும்.

கோப்பு எப்போது மாற்றப்பட்டது என்று பார்த்தாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனதற்கு மறுநாள்.

எங்கிருந்தோ உள்ளே வந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவன் நேரத்தை அவள் பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியும். அப்படியானால் அவனும் பார்த்திருப்பான். ஒவ்வொரு தடவை திறப்பதற்கு முன்பும், அக்கா வந்தாளா என்று பார்த்திருப்பான். மூன்று வருஷமும் அங்கே அவன் வைத்துப்போன நேரமே அவனுக்குக் கிடைத்திருக்கும், அக்காவின் நேரம் ஒரு தடவைகூட இல்லை.

கட்டிலில் குறட்டை கேட்டது. புது டிஸ்க்கின் அமைப்பில் அவள் அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக அடித்தாள். பழைய டிஸ்க்கிலிருந்த எல்லாவற்றையும் நேரம் கலையாமல் மாற்றி முடித்தாள்.

பிறகு அந்த வீடியோவைத் திறந்தாள்.