பத்துக்குப் பத்து வாங்கிய கார்

"மூணாவது பிளக் ஒயர் ஆறாவதுக்குப் போயிருக்கு. இந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது."

டெய்லருக்குச் சுருக்கென்றது. "சார், இங்க இருக்கற எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகாது. எல்லாம் பிளாஸ்டிக்."

"அது உங்க சமாதானம்," என்ற நடுவர் பூதக்கண்ணாடி, நோட்டில் ஆறரை என்று எழுதினார்.

மாடல் கார் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. நடுவர் கையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். அதனால் அந்தப் பெயர். வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். நிஜ லாரிக்கே தயவு பார்க்காத மனுஷன், ஒரு சாண் காருக்கா பார்க்கப் போகிறார்? போன வருஷம் சொந்த மச்சானுக்கு நாலு மார்க் போட்டார். இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

டெய்லர் எட்டு மாதம் உழைத்திருந்தார். பழைய காலத்து அமெரிக்க மஸில் கார், முரட்டு எஞ்சின் வைத்த ரகம். மூக்கு நீளமாக, பின்பக்கம் தூக்கலாக, யாரையோ அடிக்கப் போகிற மாதிரி ஒரு முறைப்போடு நின்றது. சிவப்புப் பெயிண்டை ஏழு தடவை அடித்து, ஏழு தடவை தேய்த்திருந்தார். குனிந்தால் முகம் தெரியும். ஸீட்டுக்கு நிஜத் தோல். எஞ்சினுக்குப் பட்டன் நூலில் எட்டு ஒயர். இந்த வேலைக்கு நடுவில் மூன்று வாடிக்கையாளர்கள் சட்டை கேட்டுக் கேட்டு, அலுத்துப் போய் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

ஆறரை. போகட்டும். மற்ற யாருக்கும் அஞ்சு தாண்டவில்லை. கோப்பை எப்படியும் நமக்குத்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

கடைசி மேஜையில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் நின்றிருந்தார். நெடுநெடுவென்று உயரம், மடிப்புக் கலையாத சட்டை. அவர் முன்னால் இருந்ததைக் கார் என்று சொல்லத் தாராள மனசு வேண்டும்.

நீலப் பெயிண்டில் கட்டைவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. போலீஸ் வந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். கண்ணாடி முழுக்கப் பசை. நாலு சக்கரத்தில் மூன்றுதான் மேஜையைத் தொட்டன. ஸ்டியரிங் பின் ஸீட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் குட்டிக் குட்டிப் பாகங்கள்.

"இதெல்லாம் என்ன சார்?" டெய்லர் கேட்டார்.

"மிச்சமானது." புதியவர் வெள்ளந்தியாகச் சிரித்தார். "எது எங்க போகும்னு புரியலை. சரி, இல்லாமலே இருக்கட்டும்னு மூடிட்டேன். வெளிய தெரியாதில்ல?"

பூதக்கண்ணாடி அந்த மேஜையை நெருங்கினார். நடக்கப்போவதைப் பார்க்க மொத்தக் கூட்டமும் பின்னாலேயே வந்தது.

"பாவம், புது ஆளு. அழ வைக்காம விட்டா சரி," என்று முணுமுணுத்தார் சங்கச் செயலாளர்.

பூதக்கண்ணாடி காரைப் பார்த்தார். நிமிர்ந்து ஆளைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

"சாரை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே," என்றார் புதியவர்.

"இருக்காது. எனக்கு எங்கயும் பார்க்கற மாதிரி முகம்." பூதக்கண்ணாடி அவசரமாகக் காரின் பக்கம் குனிந்தார். "இது... நீங்களே செஞ்சதா? உங்க கையாலயா?"

"முழுக்க நானே. வேற யாரையும் தொட விடலை." புதியவர் தயங்கினார். "ஏன் சார், நல்லா இல்லையா? எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது. ஒட்டும்போது கை லேசா நடுங்கிச்சு. இந்த நுணுக்க வேலையெல்லாம் நமக்கு வராதோன்னு ரெண்டு நாளா ஒரே யோசனை."

"ஐயையோ, அப்படி நினைக்கவே கூடாது." பூதக்கண்ணாடி அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இது சாதாரணக் கை இல்லை சார், தங்கக் கை. முப்பது வருஷத்துல இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை."

நோட்டில் பத்துக்குப் பத்து விழுந்தது. கோப்பையை வாங்கிக்கொண்ட புதியவர், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி எல்லோரிடமும் காட்டிவிட்டுப் போனார்.

டெய்லருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நடுவரைத் தேடிக்கொண்டு போனார். அவர் கைகழுவும் இடத்தில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், நாங்கள்லாம் இளிச்சவாயங்களா? எனக்கு ஒரே ஒரு ஒயருக்காக மூணரை மார்க் போச்சு. மூணு சக்கரத்துல நொண்டிக்கிட்டு நிக்கற வண்டிக்குப் பத்தா? நேர்மை நேர்மைன்னு மச்சானையே பகைச்சுக்கிட்டீங்களே, அந்த நேர்மை எங்க போச்சு?"

பூதக்கண்ணாடி தலைகுனிந்தார். "தப்புதான். கோப்பை உங்களுக்கு வரவேண்டியது. அடுத்த வருஷம் நானே உங்க கையில கொடுக்கறேன். நான் இருந்தா."

"பேச்சை மாத்தாதீங்க. யாரு அவரு? பெரிய இடமா? உங்களுக்கு என்ன உறவு?"

பூதக்கண்ணாடி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சொன்னார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு என் வயித்தைத் திறக்கப்போற டாக்டர். அதுவரைக்கும் அவர் மனசு தளரக் கூடாது."