முப்பத்தைந்துக்குப் பிறகு

முப்பத்தைந்து மார்க் ஆனதும் அவள் பேனாவை மூடினாள்.

இன்னொரு முறை கூட்டிப் பார்த்தாள். இரண்டு மார்க் கேள்விகள் பத்து. ஐந்து மார்க் மூன்று. எதுவும் தப்பில்லை. அது அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. கணக்கு. இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

மெல்லக் கற்கும் மாணவிகள் என்று பட்டியல் போட்டு, அவர்களுக்கு மட்டும் கணக்கு டீச்சர் வருடா வருடம் ஒரு சின்னப் புத்தகம் தருவார். இத மட்டும் படிங்கடி, பாஸாயிடலாம் என்பார்.

இரண்டு வருடமாக அவள் அதை மட்டும்தான் படித்தாள்.

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. சார். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தவர் அவள் அருகே நின்றார்.

“என்னம்மா, முடிச்சிட்டியா?”

“பாஸாயிட்டேன் சார்.”

அவர் சிரிக்கவில்லை. கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். கடைசிப் பக்கம் மடிப்புக் கலையாமல் இருந்தது.

“இதப் படிக்கவே இல்லியே நீ.”

“அது எங்களுக்கு இல்ல சார்.”

“எல்லாருக்கும் ஒரே பேப்பர்தாம்மா.”

வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கூரையை. முன்பெஞ்சில் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பொழுது போகவில்லை. படித்தாள்.

ஒரு தண்ணீர்த் தொட்டி. நீளம், அகலம், உயரம் கொடுத்திருந்தார்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும்?

இவ்வளவுதானா?

மறுபடி படித்தாள். எங்கேயோ ஏதோ இருக்கும். இல்லாவிட்டால் இதற்கு ஏன் ஐந்து மார்க்?

எதுவும் இல்லை. பெருக்கினாள். விடை வந்தது.

அடுத்தது ஒரு வரைபடம். போட்டாள். அதற்கடுத்தது பாதியில் நின்றது; அடித்துவிட்டாள். அதற்கும் அடுத்ததை ஆரம்பித்தபோது அவளுக்குக் காது சுட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று நிமிரக்கூட இல்லை.

மணி அடித்தது.

எல்லோரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக அவள் வந்தாள். சார் தாளை வாங்கி அடுக்கில் வைத்தார்.

“சார்.”

“என்னம்மா?”

“நான் யாரையும் பாத்து எழுதல. நீங்க இங்கதான இருந்தீங்க?”

அவர் தலையசைத்தார்.

அவள் நகரவில்லை.

“டீச்சர் கேட்டா அதச் சொல்லிருவீங்களா சார்?”