எலும்பு வழி வந்த குரல்

“இது என் குரலே இல்லலா!”

கருவியைச் சோதிப்பதற்காகப் பேச்சைப் பதிவுசெய்து போட்டுக் காட்டினால், வாடிக்கையாளர்கள் இப்படித்தான் பதறுவார்கள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் காது கேட்கும் கருவி விற்கும் சுஜீந்திரன் பொறுமையாக விளக்குவார்.

“உங்க குரல்தான் சார். நாம பேசுறது நமக்கு மண்டை எலும்பு வழியாவும் கேட்குது. அதனால கனமா, இனிமையா இருக்கும். மத்தவங்களுக்குக் காத்து வழியா மட்டும்தான் போகுது. அவங்க கேட்கிறது இதைத்தான்.”

அன்று மாலை, பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்ததும் மகளின் டீச்சர் கைப்பேசியில் அழைத்தார். “வாய்மொழித் தேர்வுக்கு ஆரபி பதிவுசெஞ்சு அனுப்பினதைக் கேளுங்க. பிள்ளை குரல் ஏன் இப்படி நடுங்குது?”

சுஜீந்திரன் பதிவைப் போட்டார். ஆரபி வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, அவளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் சீறியது.

“மூதேவி! எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா?”

சுஜீந்திரன் பதிவை நிறுத்தினார். தன் அம்மாவை அப்பா கூப்பிட்ட அதே சொல், அதே சீறல். ஆனால் அப்பா இறந்த பிறகுதான் இந்த வீட்டையே வாங்கினார்கள்.

“பிரசாந்தி! இதுல... அப்பா குரல் கேட்குது!”

மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. “எனக்குத் தினமும் கேட்குது.”

“அப்பாதான்,” என்றாள் ஆரபி மெதுவாக.

“உனக்கெப்படித் தெரியும்? நீ தாத்தாவைப் பார்த்ததே இல்லையேம்மா!”

“தாத்தா இல்லப்பா. நீங்க.”

மறுபடியும் போட்டுக் கேட்டார்.

“இது என் குரலே...” என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

“என் குரல்தான்,” என்றார் பிரசாந்தியிடம்.