கடைசிப் பொன்னாடை

விருது விழாவில் ஏற்புரையை முடிக்கும்போது, அடுத்த நாவலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ஞானதிரவியத்திடம் அடுத்த நாவலே இல்லை. மேடையில் அதை ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டு, வாய்க்கு வந்த கதையைச் சொன்னார். ஒருவன் மனைவியைக் கொன்று வீட்டுக் கிணற்றில் போடுகிறான். கிணற்றைத் தூர்த்து, அதன்மேல் முருங்கை நடுகிறான். அவள் ஓடிப்போய்விட்டதாக ஊர் நம்புகிறது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

பிறகு பொன்னாடை போர்த்த வரிசையாக வந்தார்கள். கடைசியாக வந்த பெரியவர், போர்த்திய பிறகும் இரு முனைகளையும் விடாமல் அவர் கழுத்தருகே பிடித்துக்கொண்டார்.

"முருங்கை இல்ல சார், வேம்பு," என்றார் காதோரம். "மத்ததெல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"சத்தியமா யாரும் சொல்லலைங்க. நானா கற்பனை பண்ணினது."

"அவளும் இப்படித்தான் சத்தியம் பண்ணினா. நான் நம்பல."

ஞானதிரவியம் கண்களால் அமைப்பாளரைத் தேடினார். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே புகைப்படக்காரர் மட்டும் கேமராவை உயர்த்தினார்.

"ஐயா, பொன்னாடையை விட்றாதீங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க."