ஒருவர் குறைகிறார்

ஆவணப்பட இயக்குநருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. உழைத்து உழைத்தும் கரையேறாத ஒரு குடும்பத்தை ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடியவருக்கு, படக்குழுவில் யாரோ சொல்லித்தான் இந்த வீடு கிடைத்தது. ஒற்றை அறை, அதில் ஓயாமல் துணி தைக்கும் தாய், அவள் காலடியில் வீட்டுப்பாடம் எழுதும் மகள்.

"பாப்பா, விளக்கைப் பார்த்துச் சிரிக்காதே. அம்மாவைப் பாரு," என்றார் மறுபடியும்.

"எங்க சொன்ன பேச்சு கேக்குறா? எல்லாம் அவ அப்பா கொடுக்கிற செல்லம், சார்," என்றாள் தாய்.

"அவரும் வேணுமேம்மா. மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்தாத்தான் படமே நிக்கும். எப்ப வருவாரு?"

"வேலையில இருக்காரு. பாதியில விட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்களாம்."

இயக்குநர் கொதித்தெழுந்தார். "யாரும்மா அந்தக் கல்நெஞ்சக்காரன்? சொல்லுங்க, படத்துலயே கிழிச்சுடறேன்."

அவள் சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டு, மகள் பார்த்த பக்கமே பார்த்தாள்.

"அந்த விளக்கை வேற யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க, சார். இப்பவே வந்து உட்காருவாரு."

காலையிலிருந்து அசையாமல் நின்ற வெளிச்சம், முதன்முறையாகச் சுவரில் நடுங்கியது.