காருக்கு ஒதுக்கிய முற்றம்

கல்கத்தாத் தமிழர்களே, பெஹாலாவில் நடந்த அநீதியைக் கேளுங்கள்! கணவனை இழந்த சுந்தரி, தன் வீட்டு முன்முற்றத்தில் இட்லி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள். ஒருநாள் மாநகராட்சி அதிகாரி ஹால்தார் வந்தார்.

"அடுப்பை எடுங்க தீதி," என்று வங்காளத்தில் அக்கா முறை சொல்லித் தொடங்கினார். "இது கார் நிறுத்துற இடம்."

"எங்ககிட்ட சைக்கிள்கூட இல்லையே தாதா!" என்று அவளும் அண்ணன் முறை சொன்னாள்.

"கார் இல்லாட்டியும் அதுக்கு இடம் இருக்கணும். சட்டம் அப்படி."

"இல்லாத காருக்கு இடம் உண்டு, இருக்குற வயித்துக்குக் கிடையாதா?"

ஹால்தார் தன் ஆட்களுக்குக் கைகாட்டினார். அடுப்பு இடிக்கப்பட்டது. முற்றம் சட்டப்படி காலியானது.

மறுநாள் காலை அங்கே ஒரு புதுக் கார் வந்து நின்றது. இறங்கியவர் ஹால்தார். அவர் குடியிருக்கும் எதிர்வீட்டுக்கு முற்றமே கிடையாது. கார்க் கதவைப் பூட்டிக்கொண்டே கேட்டார்:

"தீதி, நாலு இட்லி கிடைக்குமா?"

தோழர்களே, நாளைக் காலை அந்தக் காரைச் சுற்றி இலை போட்டு உட்காருங்கள். சுந்தரியின் அடுப்பு மீண்டும் எரியும்வரை எழாதீர்கள்!